குறை சொல்லும் வாசகர் சரியாகத்தான் பார்க்கிறார்

கேள்வி: ‘புயலிலே ஒரு தோணி’ தமிழின் தலைசிறந்த நாவல் என்று சிலர் சொல்கிறார்கள். ஐம்பது பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ‘மோகமுள்’, ‘வெக்கை’, ‘மோபி டிக்’ என்று எதை எடுத்தாலும் இதே நிலைதான். வாசகர் கருத்துகளை நம்பி நாவல் வாங்கலாமா? யார் சொல்வதைக் கேட்பது? எதில் தொடங்குவது?

பதில்:

நம்பலாம். ஆனால் ஒருவர் ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறார். ஒன்று, அந்த நாவலுக்குள் அவர் என்ன பார்த்தார் என்ற சாட்சியம். இன்னொன்று, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பு. நாம் பெரும்பாலும் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு சாட்சியத்தை விட்டுவிடுகிறோம். மாற்றிச் செய்து பாருங்கள். குறை சொல்கிறவர்கள் நாவலைத் தவறாகப் படித்துவிட்டார்கள் என்று தீவிர வாசகர்கள் அவசரமாக முடிவு கட்டுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறை சொல்பவர் பெரும்பாலும் நூலைச் சரியாகவே பார்த்திருப்பார். பாராட்டுகிறவரும் அதே இடத்தைத்தான் பார்த்திருப்பார். இருவரும் பிரிவது தீர்ப்பில் மட்டும்தான்.

நீங்கள் முதலில் சொன்ன நாவலையே எடுத்துக்கொள்வோம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பாதியில் மூடிவைத்தவர்களிடம் காரணம் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். கதை நேராகப் போகவில்லை. ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். டச்சும் மலாயும் கலந்த தெருப்பெயர்கள் குழப்புகின்றன. சுமத்ராவில் நடந்துகொண்டிருக்கும் கதை திடீரென்று மதுரைத் தெருக்களுக்குப் போய்விடுகிறது. நடுவில் பழந்தமிழ்ப் பாட்டு, அதைக் கேலி செய்யும் பேச்சு, மறுபடியும் கப்பல்.

இதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை. நாவல் அப்படித்தான் இருக்கிறது. 1942இல் ஜப்பானியப் படை மெடான் நகருக்குள் நுழைகிறது. வட்டிக்கடைகளில் வேலை பார்க்கப் பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவன் பாண்டியன். அவன் ஊருக்குத் திரும்ப முடியாது. எனவே ஊர் அவன் மண்டைக்குள் வந்து போகிறது. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு தமிழர் பெருமையைப் பற்றி விடிய விடியப் பேசுகிறார்கள். அந்தப் பெருமையை அவர்களே கிழித்தும் போடுகிறார்கள். சிங்காரம் இளம் வயதில் இந்தோனேசியாவுக்கு வேலைக்குப் போய், போர்க்காலத்தை அங்கேயே கண்டவர். வேற்று மண்ணில் நிற்கிறவனின் நினைவு எப்படித் தாவுமோ அப்படியே எழுதியிருக்கிறார். ‘கதை நகரவில்லை’ என்று ஒருவர் விட்டுப்போன அதே பக்கத்தில்தான், ‘புலம்பெயர்ந்தவன் மனம் தமிழில் இப்படி வேறெங்கும் எழுதப்படவில்லை’ என்று மற்றொருவர் நிற்கிறார். நான் இந்த இரண்டாமவர் பக்கம். கடலில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் அகப்படும் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மூச்சு முட்டும். அங்கே வாக்கியங்களே அலையில் உடைந்து போகின்றன. ஆனால் முதல் வாசகரின் சாட்சியம் உங்களுக்கு உதவாமல் போகாது. நேர்கோட்டில் ஓடும் கதைதான் இப்போது வேண்டும் என்றால், இந்த நாவலைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம் என்று அவர் உங்களுக்குச் சரியாகவே சொல்லிவிட்டார்.

இந்த நாவலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. சிங்காரம் எழுதிப் பத்தாண்டு அளவில் காத்திருந்த பிறகு 1972இல்தான் அது அச்சில் வந்தது. வந்தபோதும் பெரிய சலசலப்பு இல்லை. அவர் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார், இரண்டு நாவல்களோடு எழுத்தை நிறுத்திக்கொண்டார், 1997இல் மறைந்தார். நாவலுக்குப் பரவலான வாசகர்கள் அமைந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகான மறுபதிப்புகளில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அதை உயிரோடு வைத்திருந்தது எது? படித்த சிலர் படிக்காத சிலரிடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாசகர் கருத்து ஒரு நாவலைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நம் மொழியில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பா சாட்சியமா என்ற இந்த வழக்கு தமிழில் பழையது. விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் தன் ரசனையை நம்பியவர். நல்ல நாவல்கள் இவை என்று பட்டியல் போடுவார், ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டு நூல் நூலாக அறிமுகப்படுத்துவார். ஏன் என்ற விளக்கம் பல நேரங்களில் சுருக்கமாகவே இருக்கும். இன்னொரு விமர்சகரான சி.சு. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. படைப்பை வரிவரியாக அலசிக் காட்ட வேண்டும் என்றார். 1959இல் அவர் தொடங்கிய ‘எழுத்து’ அந்தப் பிடிவாதத்தில் நடந்த இதழ். க.நா.சு. பட்டியல்கள் ஒரு தலைமுறைக்கே எதைப் படிப்பது என்று வழிகாட்டின, அதை மறுக்க முடியாது. ஆனால் இன்று நீங்கள் முன்பின் தெரியாத நூறு பேருடைய கருத்துகளுக்கு நடுவே நிற்கிறீர்கள். அவர்களில் யாரும் உங்களுக்குக் க.நா.சு. அல்ல, அவர்கள் ரசனையை நம்ப உங்களிடம் ஆதாரம் ஏதும் இல்லை. எனவே செல்லப்பா கேட்ட கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: எந்த இடத்தில், என்ன காரணத்தால்?

வாசகரின் சாட்சியத்தை ஓர் எழுத்தாளரே எடுத்துக்கொண்டு என்ன செய்தார் என்று பார்க்க ஜெயகாந்தனிடம் போக வேண்டும். 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழைநாளில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, காரில் வந்தவன் கூப்பிட்டதும் ஏறிவிடுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். விதவையான அந்தத் தாய் முதலில் பதறினாலும், மகளைக் குளியலறைக்குக் கூட்டிப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்று அணைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை.

வாசகர்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று கொதித்தவர்கள் ஒருபக்கம். அவர்களை இப்போது விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு கூரான சாட்சியமும் இருந்தது: எந்தத் தாய் இப்படி நடந்துகொள்வாள்? அந்த வீட்டில், அந்தச் சாதியில், அந்தக் காலத்தில் இது நடக்குமா? இது இலக்கியக் கேள்வி. ஜெயகாந்தன் மேடையிலும் முன்னுரைகளிலும் வாசகரோடு நேருக்கு நேர் மோதத் தயங்காதவர். ஆனாலும் இந்தக் கேள்வியை அவர் வெறும் வாதமாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி, நீங்கள் சொல்கிறபடியே அந்தத் தாய் நடந்துகொண்டாள் என்று வைத்துக்கொள்வோம், அப்போது அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு நாவலே எழுதினார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலானது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

நாவலில் அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. அவள் அம்மா அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். மாமா படிக்கவைக்கிறார், அந்த உதவிக்குள் அவருடைய அழுக்கும் இருக்கிறது. கங்கா நல்ல வேலைக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள், ஆனால் அந்த ஒரு மாலையைத் தாண்டி யாரும் அவளைப் பார்ப்பதில்லை. இந்த நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்றொரு எழுத்தாளர் வருகிறார். ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையை எழுதியவர் அவர்தான். கங்கா அந்தக் கதையைப் படித்து, எழுதியவரைத் தேடிப் போகிறாள். வெளியே கேள்வி கேட்ட வாசகர், பாத்திரமாக உள்ளே நடந்துவந்துவிடுகிறார். எதிர்த்தவர்களின் வாதத்தை இதைவிட மரியாதையாக யாரும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதேசமயம் அவர்களுடைய தீர்ப்பை இதைவிடக் கடுமையாக யாரும் தள்ளியிருக்கவும் முடியாது. நீங்கள் கேட்ட ‘யதார்த்தம்’ இதுதான், இதோ அது ஒரு பெண்ணை என்ன செய்தது பாருங்கள் என்று காட்டிவிட்டார்.

என் கணக்கில் சிறுகதையைவிட நாவல் பெரிது. காரணம் கங்காவும் அன்று காரில் வந்த பிரபுவும் பேசிக்கொள்ளும் நெடிய பகுதிகள். வில்லன் என்று நாம் எதிர்பார்த்து வருகிறவன் வெறும் பலவீனமான, வளராத மனிதனாக நிற்கும்போது அவளுக்கு அவன்மேல் வெறுப்பு நிலைக்கவில்லை, நமக்கும் நிலைக்கவில்லை. முடிவில் கங்கா சிதைந்துபோவது பிடிக்கவில்லை என்று சொல்லும் வாசகர்கள் உண்டு. அந்தச் சாட்சியத்திலும் உண்மை இருக்கிறது. இவ்வளவு கூர்மையாக யோசிக்கிறவளை ஆசிரியர் கடைசியில் அவசரமாகக் கைவிட்டுவிட்டார் என்று எனக்கும் தோன்றுவதுண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்: முதலில் சிறுகதை, அது ஒரு மணி நேரம்கூட ஆகாது, பிறகு நாவல்.

இப்படி வாசகருக்குப் பதில் சொன்னது ஜெயகாந்தனுக்கு முன்பே நடந்திருக்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னின் முடிவுரையைப் புரட்டிப் பாருங்கள். கதையைத் திடீரென்று முடித்துவிட்டீர்கள் என்று குறைப்பட்ட வாசகர்களுக்காக, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று அங்கே விளக்கம் கொடுத்திருக்கிறார். அந்தக் குறையும் நியாயமானதுதான். வாராவாரம் காத்திருந்து படித்தவருக்கு அது திடீர் முடிவு. இன்று ஐந்து பாகங்களையும் சேர்த்து வாங்கிப் படிக்கிறவருக்கு அவ்வளவு திடீரென்று தெரிவதில்லை. தொடராகப் படித்தாரா நூலாகப் படித்தாரா என்பது தெரியாமல் பழைய கருத்து எதையும் எடைபோடாதீர்கள். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளும் சுதேசமித்திரனில் தொடராக வந்ததுதான். அதில் சங்கீதம் பக்கம் பக்கமாகப் போகிறது என்று இன்றைய வாசகர் சிலர் சொல்வது உண்மை. போகத்தான் செய்கிறது. கதாநாயகன் பாபுவுக்கு யமுனா மேலுள்ள மோகமும் சங்கீதமும் வேறு வேறல்ல என்று தோன்றுகிறவருக்கு அந்தப் பக்கங்கள்தான் நாவல்.

வாசகர் கையில் கிடைத்த வடிவமே கருத்தைக் கெடுத்துவிட்டதற்கு உலக இலக்கியத்தில் பெரிய உதாரணம், நீங்கள் கேட்ட ‘மோபி டிக்’. 1846இல் வந்த முதல் நூலான ‘டைப்பீ’யாலேயே ஹெர்மன் மெல்வில் புகழ் பெற்றுவிட்டார். தென்கடல் தீவுவாசிகளோடு வாழ்ந்த சாகசக் கதை அது. வாசகர்கள் அவரிடம் அதையே மறுபடியும் எதிர்பார்த்தார்கள். 1851 அக்டோபரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக ‘திமிங்கிலம்’ என்ற தலைப்பில் நாவல் வெளியானது. மதத்தையும் அரச குடும்பத்தையும் சீண்டும் இடங்களில் அந்தப் பதிப்பகத்தார் கைவைத்திருந்தார்கள். அதைவிட மோசமானது, நாவலின் கடைசியில் வரும் ஒரு பக்க முடிவுரை அந்தப் பதிப்பில் விடுபட்டுப்போனது. கப்பல் மூழ்கியபோது கதைசொல்லி இஸ்மாயில் மட்டும் எப்படித் தப்பினான் என்று சொல்லும் பக்கம் அது. எல்லோரும் செத்துப்போனால் இந்தக் கதையை யார் சொல்கிறார்கள் என்று லண்டன் விமர்சகர்கள் கேட்டார்கள். அவர்கள் கையிலிருந்த நூலுக்கு அது முழுக்க முழுக்கச் சரியான கேள்வி. அடுத்த மாதம் நியூயார்க்கில் வந்த பதிப்பில் அந்தப் பக்கம் இருந்தது. ஆனாலும் நூல் எடுபடவில்லை. மெல்வில் பிறகு நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்து, 1891இல் ஏறக்குறைய மறக்கப்பட்ட மனிதராக இறந்தார். 1919இல் அவருடைய நூற்றாண்டு வந்ததை ஒட்டித்தான் மீண்டும் பேச்சு எழுந்து, 1920களில் அந்த நாவல் அமெரிக்காவின் மிகப் பெரிய நாவல்களில் ஒன்றானது.

இன்று அதைப் படித்துச் சலித்தவர் என்ன சொல்கிறார்? திமிங்கிலத்தின் வகைகள், எலும்பு, கொழுப்பு, அதை உருக்கும் அடுப்பு என்று அத்தியாயம் அத்தியாயமாக மெல்வில் பாடம் நடத்துகிறார், திமிங்கிலத் துரத்தலைக் காணோம் என்கிறார். உண்மைதான். திமிங்கிலத்தைத் துரத்தும் கப்பல் தலைவன் ஆகாப் அந்த ஒரு மிருகத்தின் மேல் உலகத்தின் தீமை முழுவதையும் ஏற்றிவைக்கிறான். இஸ்மாயில் அதே மிருகத்தை எல்லாப் பக்கமிருந்தும் அறிந்துவிடப் பார்த்து ஒவ்வொரு முறையும் தோற்கிறான். அந்தப் பாடங்களைத் தாண்டிக் குதித்துவிட்டால் மிஞ்சுவது ஆகாபின் வெறி மட்டும்தான். என் ஆலோசனை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயத்துக்கு மேல் போகாதீர்கள். அத்தியாயங்கள் சிறியவை, அந்த வேகம் அதற்குப் பொருந்தும்.

எதிர்பார்ப்பு எப்படிக் கருத்தாகிறது என்பதற்கு அண்மைக் கால உதாரணம் பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்த நாவல். 2019இல் அதைத் தழுவிய ‘அசுரன்’ படம் வந்த பிறகு புதிய வாசகர்கள் பலர் அதைத் தேடி வாங்கினார்கள். ‘படம் அளவுக்கு இல்லை, விறுவிறுப்பே இல்லை, காட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று எழுதியவர்களை நானே பார்த்திருக்கிறேன். மறுபடியும் சரியான சாட்சியம். படத்தில் தகப்பனின் இளமைக்காலம் பெரிய முன்கதையாக வருகிறது. அந்த வடிவில் அது நாவலில் கிடையாது. நாவலில் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அண்ணனைப் பறிகொடுத்த பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுகிறான். பிறகு எட்டு நாள், அவனும் அய்யாவும் கரிசல் நிலத்தில், மலைச்சரிவில், கிணற்றோரத்தில் ஒளிந்து திரிகிறார்கள். என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள், எதைப் பேசினார்கள் என்பதுதான் நாவல். பையன் அய்யாவிடம் கேட்கும் சின்னச் சின்னக் கேள்விகளில் ஒரு தலைமுறையின் நில வழக்கும் அவமானமும் வெளியே வருகின்றன. ஆசிரியர் ஓரிடத்தில்கூடக் குரலை உயர்த்துவதில்லை. பழிவாங்கல் கதை தேடி வந்தவருக்கு இது ஏமாற்றம்தான். கொலை செய்த ஒரு சிறுவன் மறுநாள் காலையில் எப்படிப் பசியோடு எழுவான் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இந்த நாவலுக்கு இணை கிடையாது.

மொழிபெயர்ப்பு நாவல்கள் விஷயத்தில் ஒன்று மட்டும். ருஷ்ய நாவல்களைப் பற்றி ‘யார் யாரென்றே புரியவில்லை’ என்று வரும் புகார் பெயர்களைப் பற்றியது; எழுத்தைப் பற்றியது அல்ல. ஒரே ஆளை அவருடைய பெயராலும், தந்தை பெயர் சேர்த்தும், குடும்பப் பெயராலும், செல்லப் பெயராலும் கூப்பிடுவார்கள். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ படிக்கத் தொடங்கும்போது ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ரஸ்கோல்னிகோவும் ரோத்யாவும் ஒருவர்தான் என்று பழகிவிட்டால் அந்தப் புகார் மறைந்துவிடும்.

ஆக, கருத்துகளைப் படிக்கும்போது ‘மனதை உலுக்கிவிட்டது’, ‘காலத்தை வென்ற காவியம்’, ‘சுத்த அறுவை’ ஆகிய மூன்றையும் ஒரே வேகத்தில் கடந்துபோங்கள். மூன்றிலும் நூலைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று எழுதுகிறவரிடம் நில்லுங்கள். பாராட்டிவிட்டு நடுவில் ஒரு குறையைத் தயக்கத்தோடு சொல்பவரிடமும் நில்லுங்கள், அவர் கடைசிவரை படித்திருக்கிறார். பிறகு அவர்கள் சொன்ன குறை உங்களுக்கும் குறைதானா என்று உங்களையே கேளுங்கள். உரையாடல் அதிகம் என்பது உங்களுக்குக் குறையா? மெதுவாகப் போகிறது என்பது? வட்டாரப் பேச்சு அடர்த்தியாக இருக்கிறது என்பது?

எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். ‘வெக்கை’யில் தொடங்குங்கள். சிறிய நாவல், கரிசல் பேச்சு பத்துப் பக்கத்தில் காதுக்குப் பழகிவிடும். படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தால் சில மாதம் கழித்து எடுப்பது நல்லது. அடுத்து ‘அக்கினிப் பிரவேச’மும் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளும். சிங்காரத்துக்குப் போவதற்கு முன் அவருடைய முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ படித்துவிடுங்கள். கலைமகள் பரிசு பெற்றது, 1959இல் வந்தது. பினாங்கு வட்டிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞன், முதலாளி மகள் மேல் காதல், இந்திய தேசிய ராணுவம் என்று கதை நேராகப் போகும். ஊர்களும் தொழில் வழக்கும் பேச்சும் அதிலேயே பழகிவிடுவதால், ‘புயலிலே ஒரு தோணி’யைத் திறக்கும்போது மெடான் தெருப்பெயர்கள் உங்களைத் தடுக்காது. இரண்டையும் ஒரே தொகுப்பாகப் போட்ட பதிப்புகளும் வந்திருக்கின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.